படுத்த படுக்கையான பிறகு மாதம் எவ்வளவு? கோவையில் முதியோர் குடியிருப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் கட்டி நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போனால் கண்ணில் படுவதெல்லாம் உங்கள் விளம்பரப் பலகைகள்தான். மலை தெரியும் பால்கனி, யோகா கூடம், வளாகத்துக்குள்ளேயே பிள்ளையார் கோயில், மூன்று வேளை சைவச் சாப்பாடு. படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஓடியாடும் அறுபது வயதுக்காரர்கள். ஒருவர் கையிலும் வாக்கர் இல்லை. சரி, விளம்பரம் அப்படித்தான் இருக்கும்.

விலைப்பட்டியல்தான் உறுத்துகிறது. வீட்டு விலை, மாதப் பராமரிப்பு, சாப்பாட்டுக் கட்டணம் எல்லாம் பைசா சுத்தமாகப் போட்டிருக்கும். குளிப்பாட்டிவிட ஆள் தேவைப்படும் நாளில் மாதம் எவ்வளவு ஆகும் என்ற வரியை மட்டும் காணோம். கேட்டால், "அதெல்லாம் அப்போ பாத்துக்கலாம் சார், எல்லா வசதியும் இருக்கு" என்கிறார் உங்கள் விற்பனைப் பிரதிநிதி. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் பார்த்த எதிலும் அந்த வரி இல்லை.

என் அக்காவும் மாமாவும் இப்படியொரு குடியிருப்பில் வீடு வாங்கினார்கள். மாமா இருந்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் போய், அடுத்து அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பில் வேறு மாதிரி வர ஆரம்பித்தது. பகல் அட்டெண்டர் ஒரு வரி. இரவு அட்டெண்டர் ஒரு வரி. பிசியோ, டயாப்பர், கையுறை தனித்தனி. டைனிங் ஹாலுக்கு நடக்க முடியாததால் அறைக்குச் சாப்பாடு கொண்டுவர ஒரு கட்டணம். உதவி தேவைப்படுவோருக்கான பராமரிப்புப் பிரிவில் அக்காவின் கட்டில் வாடகை ஒரு பக்கம் ஓட, பூட்டிக் கிடந்த சொந்த வீட்டுக்கு மெயின்டனன்ஸ் முழுதாக இன்னொரு பக்கம் ஓடியது. இரவில் ஒரே பெண்தான் மூன்று அறைகளைப் பார்த்துக்கொண்டாள். மூன்று அறைக்கும் முழு இரவுக் கட்டணம் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, தங்கமான பிள்ளை.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று எப்போதாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. இது அந்த 30 லட்சத்தையும் வீட்டுக்குக் கொடுக்காமல் மிச்சம் வைத்திருப்பவர்களுக்கு. அரசு ஓய்வூதியர் குடும்பங்களில், பழைய ஓய்வூதியத்தில், கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷனாக வரும். கணவர் எழுபது தாண்டி இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் அந்தக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். ஆக, வரவு சுருங்கும் காலமும் அட்டெண்டர் தேவைப்படும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் தரும். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கமும் ஐந்து லட்சம் வரை, ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான். தினமும் சேலை கட்டிவிடவும் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகவும் வழக்கமான மருத்துவ பாலிசி பணம் தராது. வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007-லேயே வந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே, அதைக் கேட்டு வந்தவர்களைப் பார்த்த ஞாபகம் அரிதாகத்தான் இருக்கிறது.

விலையைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரவு முழுக்கக் கண்விழித்து இன்னொருவரின் மலஜலம் எடுப்பவருக்கு நல்ல சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும், அது எங்கள் தலையில்தான் விழும். எவ்வளவு விழும் என்று வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒரு தாள் போதும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, எழுந்து உட்காருவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு அன்றாடக் காரியங்களை வைத்து ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று அளக்கும் முறையை 1963-லேயே அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸும் அவர் குழுவினரும் வகுத்துவிட்டார்கள். அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காரியத்துக்கு உதவி என்றால் இன்றைய விலையில் மாதம் இவ்வளவு, நான்குக்கு இவ்வளவு, படுத்த படுக்கை என்றால் இவ்வளவு, மறதி நோய் என்றால் இவ்வளவு என்று எழுதுங்கள். அந்த நிலையை யார் முடிவு செய்வார்? உங்கள் மேலாளரா, வெளி மருத்துவரா? வருஷத்துக்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஏற்றுவீர்கள்? பராமரிப்புப் பிரிவுக்கு மாறினால் பூட்டிய வீட்டுக்கு எவ்வளவு? அப்புறம், எந்த வரிக்கு ஜிஎஸ்டி உண்டு, எதற்கு இல்லை என்பதும் அதில் இருக்கட்டும். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. உங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு அந்த விலக்கு கிடையாது. பலருக்கு இது முதல் பில் வந்த பிறகுதான் தெரிகிறது.

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து போடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைப் பற்றி அதில் பேசியிருக்கிறார்கள். நான் கேட்கும் தாளை அந்த ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த மடலின் நகல் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் போகிறது. உங்களில் யார் முதலில் அந்தத் தாளை அச்சடித்து விலைப்பட்டியலோடு கொடுக்கிறீர்களோ, எனக்குத் தெரியப்படுத்துங்கள். தொகை கூடுதலாகவே இருந்தாலும், வீடு பார்க்க வேண்டும் என்று என்னிடம் வருபவர்களை முதலில் உங்களிடம்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவன்,
கோயம்புத்தூர்