கடல் மைலும் ஏற்காடு ரோடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா என் கடைக்கு வந்துவிட்டார். சேலம் ஐந்து ரோடு பக்கம் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை என்னுடையது. "மதியம் ரெண்டு மணிக்கு ஏறினா நாலரைக்குப் போயிடலாமாமே! ஈரோடு போய்ட்டு வர்ற நேரந்தான் தம்பி."

சிரிக்க முடியவில்லை. இரண்டு நேரமும் அந்தந்த ஊர் மணி என்று கட்டத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே. குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்கு 13½ மணி நேரம் பின்னால். ஆக, ஆகாயத்தில் 16 மணி நேரம். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் வித்தியாசம் 12½ ஆகிவிடும்.

தூரமும் தப்பு. 7,550 மைலை 1.6-ஆல் பெருக்கி 12,080 கி.மீ. என்று போட்டிருக்கிறீர்கள். விமானக் கணக்கில் வருவது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ. அப்படிப் பெருக்கினால் கிட்டத்தட்ட 14,000 கி.மீ. சேலத்திலிருந்து டெல்லி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தை விழுங்கிவிட்டீர்கள்!

அந்த 14,000-மும் பூமி உருண்டையில் நூல் பிடித்த தூரம்தான். சேலத்திலிருந்து ஏற்காடு நேர்கோட்டில் 15 கி.மீ.கூடத் தேறாது, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால் சுமார் 30 ஆகிறது. அங்கே மலை தடுக்கிறது, மேலே காற்று. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதன்முதலாக நேரே வந்த ஏர் இந்தியா விமானத்தைப் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள். வட துருவத்தின் மேலாகச் சுமார் 16,000 கி.மீ. பறந்து, 17 மணி நேரம் போல எடுத்துக்கொண்டது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துத்தான் ஒவ்வொரு நாளும் பாதை போடுகிறார்கள். அதனால் போகிற நேரம் வேறு, வருகிற நேரம் வேறு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் காரில் ஐந்து மணி நேரம். தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழாமல் இருந்தால்! மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். மதியம் 2 மணி விமானத்துக்குக் காலை 6 மணிக்கே இங்கே கார் ஏறணும். இதைச் சொன்னதும் அந்த அம்மா, "அப்போ கட்டுச்சோறு எத்தனை வேளைக்குத் தம்பி?" என்று கேட்டார்.

அடுத்த முறை கி.மீ. கணக்கைச் சரிபார்த்து, போக எத்தனை மணி நேரம், வர எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகப் போடுங்கள். உங்கள் கட்டத்தை நம்பித்தான் ஆட்கள் கடைக்கு வருகிறார்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் கடைக்கார வாசகர்,
ஐந்து ரோடு, சேலம்.