தரிசு என்று எழுதிய காடு

அன்புள்ள துரைசாமிக்கு,

உன் கடிதமும் கூடவே நீ வைத்திருந்த நோட்டீஸ் நகலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குத்தான் முட்டிவலி. வைத்தியர் நடக்கச் சொல்கிறார், அவங்க கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாங்க. மழை சுமார்தான். மேட்டாங்காட்டில் சோளம் போட்டிருக்கிறேன், மயில் பொறுக்கியது போக மிச்சம் முளைத்திருக்கிறது. விரட்டிவிடலாம், அதற்கு மேல் கைவைத்தால் வனத்துறை வழக்கு. தேசியப் பறவைக்கு நம் விதைச்சோளம்தான் படியளக்கிறது.

சரி, நோட்டீஸுக்கு வருகிறேன். உயர்மின் பாதை உன் கொரங்காட்டின், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டின், வடக்கு மூலையில் நுழைந்து தெற்கே சாளை வீட்டுப் பக்கமாக வெளியேறுகிறது. கோபுரம் ஒன்று உள்ளே வருகிறது, மீதியெல்லாம் கம்பி மட்டும். கோர்ட்டுக்குப் போய் நிறுத்த முடியாதா என்று கேட்டிருக்கிறாய். முடியாது என்றே வைத்துக்கொள். எரிவாயுக் குழாய் விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும். கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டமும் எதிர்த்தது. 2013-ல் ஜெயலலிதா அரசே நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று சொன்னது. அரசாங்கமே நம் பக்கம் நின்றும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றோம். அதற்கென்று 1962-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை, உபயோகிக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா உன் பேரில், வரி உன் பேரில், ஆனால் குழாய் போகும் பட்டையில் கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. இதற்குச் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. ஆட்சேபம் சொல்ல அறிவிப்பு வந்ததிலிருந்து 21 நாள். பாதிப்பேருக்கு அறிவிப்பு வந்ததே அந்த 21 நாள் போனபிறகுதான் தெரியும்.

மின்பாதைக்கு இதைவிட வேடிக்கை. அது ஓடுவது 1885 தந்திச் சட்டத்தில். தந்தியை 2013-லேயே மூடிவிட்டார்கள். 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வந்தாயிற்று. ஆனால் அதிலேயே, மின்பாதை போடுவதற்கு மட்டும் பழைய சட்டத்தின் அந்தப் பகுதி தொடர்ந்து செல்லும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் தந்திக்கம்பம் நட எழுதினதில் இன்றைக்கு ராட்சதக் கோபுரம் நிற்கிறது. நாம் தடுத்தால் கலெக்டர் உத்தரவு போட்டு உள்ளே விடலாம். பணம் போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். நமக்குத் திறந்திருக்கிற கதவு அது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை, போதாது என்று சொல்லத்தான் இடம்.

அதற்காகப் போராடினவர்களை நான் குறை சொல்லவில்லை. கரூர் மாவட்டத்துப் புகளூர் மின்பாதைகளை எதிர்த்து நம் ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். இரவில் கம்பிக்குக் கீழே போய் டியூப் லைட்டைக் கையில் பிடித்துக் காட்டினார்கள். ஒயர் இல்லாமல் அது எரிந்ததை நீ பார்த்திருந்தால், கீழே களை எடுக்கிற பொம்பளைகளை நினைத்து வயிறு கலங்கியிருக்கும். கேபிளாகப் புதைத்து ரோட்டோரம் கொண்டுபோ என்று நாம் கேட்டபோது தொழில்நுட்பம் ஒத்துவராது என்றார்கள். அதே புகளூரிலிருந்து திருச்சூர் போகும் பாதை, கேரளத்துக்குள் ஒரு பகுதி மண்ணுக்கடியில்தான் போகிறது. அங்கே ஒத்துவந்த தொழில்நுட்பம் வாளையாறு தாண்டி வர மறுக்கிறது போல.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் மத்திய மின் அமைச்சகம் போட்ட வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15. 2024 ஜூனில் அதை 200-ஆகவும் 30-ஆகவும் கூட்டினார்கள். ரோட்டில் உட்காராமல் இது வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. எந்தக் கணக்கில் தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அப்புறம், நிலமதிப்பு என்று அவர்கள் சொல்வது எதை? பெரும்பாலும் பத்திர ஆபீஸ் வழிகாட்டி மதிப்பைத்தான் எடுப்பார்கள். மானாவாரிக் காட்டுக்கு அது எவ்வளவு என்று உனக்கே தெரியும். அதன் இருமடங்கு என்பதைக் கேட்டு மயங்கிவிடாதே.

இனி நான் சொல்லவந்ததே இதுதான். உன் காட்டைக் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பார்த்தேன். தரிசு என்று ஏறிக்கிடக்கிறது. பசலிக்குப் பசலி, வருசா வருசம், தரிசு, தரிசு, தரிசு. கிழுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம், ஒரு ஆட்டுப்பட்டி, ரெண்டு காங்கேயம் மாடு மாறாத இடம் (மாடு இப்போது இல்லை, உன் தம்பி விற்றுவிட்டான்). கோடையில் வேலங்காய் உதிர்ந்தால் ஆடுகளுக்கு வேறு தீனி வேண்டாம். நாலு தலைமுறையாகச் சோறு போட்ட காட்டுக்குக் காகிதத்தில் தரிசு என்று பேர். உழுது விதைத்தால்தான் பயிர் என்று வருவாய்த்துறை எப்போதோ முடிவு செய்துவிட்டது, நாமும் வரி குறைச்சல் என்று வாயை மூடிக்கொண்டோம். இப்போது இழப்பீடு போட வருகிறவன் தோட்டத்தில் தென்னையை எண்ணுவான். உன் காட்டில் எண்ண ஒன்றுமில்லை என்பான்.

நேரில் போய்ப் பார்த்தேன். அளக்க வந்தவர்கள் பாதைக்குள் வரும் மரங்களில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கிறார்கள். கைக்கு அடங்காத மரத்துக்கு மட்டும்தான் நம்பர். சின்னதுகளை மரமென்றே எடுக்கவில்லை. வேலிக்குள் வரும் கிழுவைக்கு ஒன்றுமே இல்லை. நம்பர் போட்டதுதான் அவர்கள் எழுதும் கணக்கெடுப்புப் பத்திரமான மகஜரில் ஏறும், மகஜரில் ஏறினதற்குத்தான் பணம். அதனால் நீ முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு மனு எழுது. காட்டை நேரில் பார்வையிட்டு, மேய்ச்சல் காடு, மரம் இத்தனை, வேலி இத்தனை அடி என்று பதிவு செய்யும்படி கேள். நகல் தாசில்தாருக்கு, கலெக்டருக்கு. எல்லாமே பதிவோடு ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகை கேட்டு. கையில் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதே. விலை பேசுவதெல்லாம் இதற்குப் பிறகு. மகஜரில் படித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உன் தம்பியிடம் நானே சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டினான், ஆனால் டீ வாங்கிக் கொடுத்தால் போட்டுவிடுவான்.

இன்னொன்று. பட்டா இன்னும் உங்க அப்பா பேரில்தான் இருக்கிறது. காசோலை செத்தவர் பேருக்கு வராது. வாரிசுச் சான்று வாங்கி, உங்கள் அக்காவையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாகவாவது மாற்றிவிடுங்கள். அக்காவுக்குப் பங்கில்லை என்று தம்பி பேசுகிறான். அதை நீதான் வந்து பேசி முடிக்க வேண்டும், எனக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்.

உன் தம்பி மகன் அந்தத் தென்பகுதியில் கறிக்கோழிப் பண்ணை போடுவதாக இருந்தான். கம்பிக்குக் கீழே கொட்டகை போட விடமாட்டார்கள், தள்ளித்தான் போட வேண்டும். 5,000 கோழிக்கு மேல் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவும் வாங்க வேண்டும். குஞ்சும் தீவனமும் தருகிற கம்பெனி ஒப்பந்தக் காகிதம் தந்தால் அதில் வளர்ப்புக் கூலி எழுதியிருக்கிறதா, கோழி செத்தால் யார் தலையில் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019-ல் நம் மாநிலத்தில் சட்டமே வந்திருக்கிறது, கால்நடையும் அதில் அடக்கம். பதிவு செய்த ஒப்பந்தமா என்று கேட்டால் கம்பெனி ஆள் பையனை ஒரு மாதிரி பார்ப்பான். பார்க்கட்டும்.

நீ வரும்போது தாய்ப்பத்திரத்தையும் பழைய வில்லங்கச் சான்றையும் மறக்காமல் எடுத்து வா. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போகலாம், அதனால் ஞாயிறு இரவே வந்துவிடு. வெள்ளகோவிலில் இறங்கினதும் போன் பண்ணு, வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். மனுவின் மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன். சர்வே நம்பரை மட்டும் நீ நிரப்பிக்கொள்.

அன்புடன்,
கந்தசாமி