நெட்டைக்கு, சர்வர் அறையிலிருந்து

அடியே நெட்டை,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறக்கும்போது பதில் போடுகிறேன், நாலு திட்டுத் திட்டிவிட்டு மேலே படி. வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்பாய். அதில் போட்டால் பாதியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சோடாபுட்டி சொன்னாள். உன் சின்னவள் கணக்கை விட்டு உயிரியல் எடுத்திருக்கிறாளாம், ரொம்ப சந்தோஷம், அவளுக்கு என் முத்தம். இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு மட்டும் சுகர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் மைசூர்பாகை விடமாட்டேன் என்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே கால் மணிக்கு எங்கள் உயிர்த்தகவலியல் மையத்து, அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியில் போட்டு ஆராய்கிற இடத்து, வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "மேடம், உங்க ரூமுக்குள்ள ஏதோ கத்திக்கிட்டே இருக்கு." வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் ஏசிக் குளிர், மின்விசிறிகளின் இரைச்சல், அதற்கு மேலே விடாமல் ஒரு பீப் பீப். தகவலைச் சேமித்து வைக்கிற டிஸ்க் அடுக்கில் பன்னிரண்டு டிஸ்க் இருக்கின்றன, எப்போதும் பன்னிரண்டும் பச்சையாக எரியும். அன்றைக்கு ஏழாவதில் ஆரஞ்சு விளக்கு.

ஒரு டிஸ்க் போனால் ஒன்றும் ஆகாது, நெட்டை. பன்னிரண்டிலும் தகவலைப் பிரித்துப் பரப்பி வைத்திருப்பதால், ஒன்று செத்தால் மீதிப் பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு அதில் இருந்ததை மீட்டுவிடலாம். ஆனால் மீட்டு முடிப்பதற்குள் இன்னொன்று போனால் மொத்தமும் போச்சு. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன், எட்டாவது டிஸ்கும் ஒரு வாரமாகப் பிழை காட்டிக்கொண்டிருக்கிறது. கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது. ஒன்பது வருடத்து ஆய்வு மாணவர்களின் வேலை அதில் இருக்கிறது. ஒரு புரதம் தண்ணீரில் எப்படி நெளிகிறது, மருந்து மூலக்கூறு அதன் இடுக்கில் எப்படிப் போய் உட்காருகிறது என்று மாதக்கணக்கில் ஓடிய கணக்குகள்.

தம்பிக்குப் போன் செய்தேன். போன தடவை நீ இங்கே வந்தபோது உனக்கு டீ வாங்கிக் கொடுத்து, உன் லேப்டாப்பையும் சரிசெய்து தந்தானே, அவனேதான். ஆறு வருடம் எங்களிடம் இருந்தான். தொகுப்பூதியம், பதினோரு மாத ஒப்பந்தம், ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி பதினோரு மாதம். இந்த மார்ச்சோடு அதுவும் புதுப்பிக்கப்படவில்லை. ஊரில் மச்சானுடைய செல்போன் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் "ஹலோ" என்று சொல்லி முடிப்பதற்குள், குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, ஏழா?"

"ஆமாடா."

"எதையும் பிடுங்காதீங்க. எதையும் அமுக்காதீங்க. நான் வர்றேன்."

கடைசிப் பஸ்ஸைப் பிடித்து அதிகாலை மூன்றரைக்கு வந்து சேர்ந்தான். முகம்கூடக் கழுவவில்லை. நானாக இருந்தால் உடனே புது டிஸ்கைச் செருகி மீட்கச் சொல்லியிருப்பேன், கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அவன் வேண்டாம் என்றான். மீட்கும்போது மிச்சப் பதினொன்றையும் ஓரம் முதல் ஓரம் வரை விடாமல் படிக்கும், அந்த உழைப்பை எட்டாவது தாங்காது, அதனால் உயிர் இருக்கும்போதே முக்கியமானதை முதலில் வெளியே எடுத்துவிடுவோம் என்றான்.

இதற்கு அப்புறம் அவன் செய்ததைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. எது முக்கியம்? பல்லாயிரம் கோப்புகள், பாதிக்கு மேல் "பைனல்", "பைனல்2", "புதுசு" என்று பெயர் வைத்தவை. அவன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வரிசை எழுதினான். இது மூலத் தரவு, இணையத்தில் இருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம், கடைசியில் வை. எது எதிலிருந்து பரிணமித்தது என்று காட்டுகிற இந்த மரவரைபடம் இரண்டு மணி நேர வேலை, திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இது அந்தக் கோவில்பட்டி அக்காவுடைய ரன், ஏழு மாதம் ஓடிய கணக்கு, நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தது, போனால் திரும்பாது, இதுதான் முதலில். இந்த ஃபோல்டர் பெரிசாகத் தெரியும், உள்ளே ஒரே கோப்பின் எட்டு நகல்தான். இந்தப் பையனுக்கு அடுத்த மாதம் வைவா, இவனுடையது இரண்டாவது. யாருடைய கணக்கு எந்த நிலையில் இருக்கிறது, எதை உருவாக்க எத்தனை நாள் பிடித்தது, எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. நாலு மாதமாகச் சம்பளம் வாங்காதவன் தலைக்குள்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு முக்கியமானவை எல்லாம் வெளியே வந்துவிட்டன. அதற்கப்புறம்தான் மீட்க விட்டான். இரவு எட்டு மணிக்கு எட்டாவது டிஸ்க் செத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் நெட்டை. அவன் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

இப்போது என் கோபத்தைக் கேள். இந்த மையத்தைப் பார்க்க எந்தக் குழு வந்தாலும் அந்த சர்வர் அலமாரி முன்னால் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். எத்தனை கோர், எத்தனை டெராபைட் என்று ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருக்கிறோம். தம்பியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கோப்பு மேலே போனபோது, "மெஷின்தான் வாங்கிக் கொடுத்தாச்சே, அதைப் பார்த்துக்க ஆள் எதுக்கு" என்று ஒருவர் கேட்டாராம். அந்தக் கேள்வி நாலு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை.

கிண்டியில் என்ன மெஷின் இருந்தது, சொல்? 1952இல் ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது. பக்கத்தில் இருக்கிற தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு வாங்கிய கொலாஜனில், அதுதான் தோலிலும் தசைநாணிலும் இருக்கிற புரதம், ஆரம்பித்து, கங்காரு வால் தசைநாண் வரைக்கும் எக்ஸ்ரேயில் பிடித்துப் பார்த்து, 1954இல் கோபிநாத் கர்த்தாவும் அவரும் அதன் அமைப்பு மூன்று இழை முறுக்கு என்று சொன்னார்கள். உடனே டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அவரோடு வேலை செய்த அலெக்சாண்டர் ரிச்சும், உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அநியாயத்துக்கு நெருங்கி நிற்கின்றன என்று குற்றம் சொன்னார்கள். நம் ஆட்கள் அங்கே சண்டைக்கு நிற்கவில்லை. அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளை எல்லாம் தேடி, அணுவுக்கு அணு தூரத்தைக் குறித்தெடுத்தார்கள். பிறகு புரதச் சங்கிலியின் இரண்டு திருப்பங்களையும், அதுதான் உன் ஃபையும் சையும், கோணம் கோணமாகத் திருப்பி, எங்கே முட்டுகிறது எங்கே முட்டவில்லை என்று மேசைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. 1963இல் மூன்று பேர் பெயரோடும் வெளிவந்தது. படத்தில் முக்கால் பாகத்துக்கு மேல் நுழையக் கூடாத இடம், மீதிக்குள்தான் புரதங்கள் வாழ்கின்றன. ஹாஸ்டல் சுவரில் நீ வரைந்து ஒட்டியதைப் பார்த்து வார்டன் அம்மா "இது எந்த மாவட்டம்?" என்று கேட்டாரே, அந்தப் படம்தான்! இன்றைக்கும் உலகத்தில் யார் ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்காமல் வெளியிடுவதில்லை. புரதத் தரவு வங்கி 1971இல் 7 அமைப்புகளோடு தொடங்கியது, இப்போது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது, அத்தனைக்கும் அளவுகோல் கிண்டியில் போட்ட கணக்கு.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகம். 2000ஆம் ஆண்டு மனித மரபணுத் தொகுதியைத் துண்டு துண்டாகப் படித்து வைத்துவிட்டார்கள், துண்டுகளை வரிசையாகக் கோத்துக் கொடுக்கத்தான் வழியில்லை. டேவிட் ஹௌஸ்லர் எப்படியோ கேட்டு வாங்கி நூறு பென்டியம் கணினிகளைச் சேர்த்தார். சேர்த்து? நிரல் எழுத ஆள் வேண்டாமா? ஜிம் கென்ட் என்று ஓர் ஆய்வு மாணவர், அதற்கு முன்னால் அனிமேஷன் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர், நான்கு வாரத்தில் பத்தாயிரம் வரிகள் எழுதினார். எழுதி எழுதி வீங்கிய மணிக்கட்டுக்கு ராத்திரி ஐஸ் வைத்துக்கொள்வாராம். ஜூன் 22ஆம் தேதி கோத்து முடித்தார், ஜூலை 7ஆம் தேதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். அந்த நூறு கணினிகளும் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

மார்கரெட் டேஹாஃப் ஞாபகம் இருக்கிறதா? புரதச் சங்கிலியின் மணிகளான அமினோ அமிலங்களுக்கு ஒற்றை எழுத்து வைத்தவர். நம் பெயர்களை எல்லாம் அதில் எழுதிப் பார்த்து, உன்னுடையதில் மட்டும் W, அதாவது டிரிப்டோஃபான், வந்துவிட்டது என்று மூன்று நாள் தலைக்கனமாகத் திரிந்தாயே! அவர் 1965இல் அதுவரை வரிசை தெரிந்த 65 புரதங்களைத் திரட்டி அட்லஸ் என்று ஒரு தொகுப்பு நூல் போட்டார். ஒவ்வொன்றாகத் தேடி, ஒப்பிட்டு, தப்பைத் திருத்தி. இப்போது சொடுக்கினால் வந்து நிற்கிற தரவுத்தளங்களுக்கு எல்லாம் அதுதான் முன்னோடி. இன்ன வரிசை சந்தேகம், இன்னது சுத்தம் என்று பார்த்துச் சொல்ல ஒரு மனுஷி வேண்டியிருந்தது. எங்கள் தம்பி அந்த வெள்ளைத்தாளில் செய்ததும் அதே வேலைதான், எனக்கு அப்படித்தான் படுகிறது.

நம் நாட்டிலும் 1986-87லேயே உயிரித் தொழில்நுட்பத் துறை பல்கலைக்கழகங்களில் உயிர்த்தகவலியல் மையங்களை ஆரம்பித்துவிட்டது, எவ்வளவு சீக்கிரம் பார். அந்த முதல் தலைமுறை ஆட்கள் பல வருடம் ஒரே இடத்தில் இருந்து கற்றார்கள், கற்றுக்கொடுத்தார்கள். நானும் அப்படி ஒருவரிடம்தான் கற்றேன், அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கு அடுத்த மே மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது. நான் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? தம்பிக்குத்தான் கொடுத்து வைத்திருந்தேன். அவன் இப்போது டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அது கேவலமான வேலை என்று சொல்லவில்லை, சோறு போடுகிறது. ஆனால் ஆறு வருடம் ஒருவனுக்குள் சேர்த்து வைத்ததைத் தூக்கித் தெருவில் போட நமக்கு என்ன உரிமை?

ஞாயிறு மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். பஸ் காசுகூட வாங்க மாட்டேன் என்றான், அவர்தான் அதட்டிச் சட்டைப்பையில் திணித்தார். போகும்போது, "அக்கா, மூணாவதையும் ஒரு கண் பாத்துக்கோங்க" என்றான்.

துணைவேந்தருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். நிரந்தரப் பணியிடம் ஒன்று, அதற்கு அவன் பெயர். ஓய்வு பெற்ற சாரும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் இரண்டு பத்தி கோபத்தில் எழுதியது, உன் சிவப்புப் பேனாவுக்குத் தாராளமாக வேலை கொடு, ஆனால் வெள்ளைத்தாள் பற்றிய இடத்தை மட்டும் வெட்டாதே. திங்கட்கிழமைக்குள் அனுப்பு. வியாழன் அன்று நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது இன்னும் பச்சைதான். இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன்,
குட்டை