போர்த்துகலின் இரு மத்திய தொழிற்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிஜிடிபி, யுஜிடி தலைமைத் தோழர்களுக்கு,

வணக்கம். ஒரே ஆலை வாசலில் நாலைந்து சங்கக் கொடிகள் பறக்கும் தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். 2025 டிசம்பர் 11 அன்று நீங்கள் சேர்ந்து நடத்திய பொது வேலைநிறுத்தம் எங்களுக்கும் தெம்பு தந்தது. ஆனால் 2013க்குப் பிறகு இப்போதுதான் சேர்ந்தீர்கள் என்பது உறுத்துகிறது.

1974 மே தினத்தன்று, உங்கள் நாட்டின் சர்வாதிகாரத்தை வீழ்த்திய புரட்சி நடந்து ஆறே நாளில், லிஸ்பன் விளையாட்டரங்கில் சோஷலிஸ்ட் மாரியோ சோவாரெசும் கம்யூனிஸ்ட் அல்வாரோ குன்யாலும் ஒன்றாக நின்றார்கள். அடுத்த மே தினத்தில் அதே அரங்கில் சோவாரெசை மேடைப் பக்கமே விடவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் இன்டர்சிண்டிகலை, அதாவது இன்றைய சிஜிடிபியை, நாட்டின் ஒரே மத்திய சங்கமாக ஏற்கும் அரசாணை வந்திருந்தது. அதற்கும் ஐந்து நாள் முன்பு நடந்த தேர்தலில், அந்த ஏற்பாட்டை எதிர்த்த சோஷலிஸ்ட் கட்சி சுமார் 38 சதவீத வாக்குகளோடு முதலிடம் பிடித்திருந்தது.

ஒரே சங்கம் வேண்டும் என்றவர்களின் அச்சம் பொய்யில்லை. தொழிலாளர்கள் பிரிந்தால் முதலாளிக்குத்தான் கொண்டாட்டம். சரி, அதற்காக அரசின் முத்திரையைக் கேட்கலாமா? 1933இல் சர்வாதிகாரி சலாசர் சுதந்திரச் சங்கங்களை ஒழித்து, அரசு அங்கீகரித்த சங்கம் மட்டுமே இருக்கலாம் என்று வைத்ததும் அதே முத்திரையால்தான். 1976 அரசியலமைப்பு சங்கச் சுதந்திரத்தை உறுதி செய்தது, 1978இல் யுஜிடி பிறந்தது. அது நல்லதே என்பது என் உறுதியான கருத்து. 1988 மார்ச்சில், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே இரு சங்கங்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தீர்களே!

உங்களைப் பிரிப்பது கொடி அல்ல, கையெழுத்து. 2012 ஜனவரியில் அரசோடும் முதலாளிகளோடும் நடந்த பேச்சுவார்த்தையை விட்டு சிஜிடிபி வெளியேறியது, தொழிலாளர் தரப்பில் யுஜிடி மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பணிநீக்க இழப்பீடு குறைந்தது, விடுமுறை நாட்கள் பறிபோயின. இழந்தவர்களில் இரண்டு சங்கத்து உறுப்பினர்களும் இருந்தார்கள்.

யுஜிடி தோழர்களே, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதன் வரைவை எல்லா ஆலைகளிலும் வாயிற்கூட்டம் போட்டு வாசித்துக் காட்டுங்கள். சிஜிடிபி உறுப்பினர்களையும் அழையுங்கள். சிஜிடிபி தோழர்களே, அந்தக் கூட்டங்கள் முடியும்வரை பேச்சுவார்த்தை மேசையை விட்டு எழாதீர்கள். அப்புறம் தொழிலாளர்கள் வேண்டாம் என்று சொன்னால், இருவரும் சேர்ந்தே மறுத்துவிட்டு வாருங்கள்.

தோழமையுடன்,
தமிழ்நாட்டுத் தொழிற்சங்க ஊழியன் ஒருவன்