பாட்ஸ்குவாரோவிலிருந்து, மணியோடு

அன்புள்ள மாப்ளே,

உங்கள் தெருவில் அந்தச் சின்னப் பையனை நாய் கடித்ததும், அதற்கப்புறம் தெருவே இரண்டாகப் பிரிந்து, பாதிப் பேர் நாய்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் எங்காவது விடச் சொல்வதும், மீதிப் பேர் சோறு வைப்பதை நிறுத்தவே மாட்டோம் என்பதும் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. பையனுக்கு ஊசி எல்லாத் தவணையும் போட்டாகிவிட்டது என்று எழுதியிருந்தாய், அது பெரிய ஆறுதல். நீ நாயோடு வெளிநாட்டில் குடித்தனம் நடத்துகிறாயே, அங்கே தெருநாய் கிடையாதா, அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய் இல்லையா, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

தெருநாய் இல்லாத மெக்சிகோ ஊரை நான் பார்த்ததில்லை. பாட்ஸ்குவாரோவிலும் தாராளமாக உண்டு. மிச்சோவாகான் மாநிலத்தில் 2,100 மீட்டருக்கும் மேலே, கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில், ஒரு ஏரிக்கரையில் இருக்கிற பழைய ஊர் இது. நடு ஊரில் வீடுகளுக்கெல்லாம் ஒரே வண்ணம், அடிச்சுவர் செங்காவி, மேலே வெள்ளை, கூரைக்கு ஓடு. பெரிய சதுக்கத்துக்கு 16-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆயராக இருந்த வாஸ்கோ தே கிரோகாவின் பெயர், சின்னச் சதுக்கத்துக்கு ஸ்பெயினுக்கு எதிரான போரில் உளவு சொல்லி உதவியதற்காக 1817-இல் இதே ஊரில் சுட்டுக்கொல்லப்பட்ட ஹெர்த்ரூதிஸ் பொகாநெக்ரா என்ற பெண்ணின் பெயர். இரண்டு சதுக்கத்திலும் மரநிழலில் நாய்கள் படுத்துக் கிடக்கும், யாரும் விரட்ட மாட்டார்கள். மொரேலியாவில் வேலை, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனாலும் வீடு இங்கேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன், அதற்குப் பாதிக் காரணம் என் நாய் மணி.

மணி எப்படி வந்தான் என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. சின்னச் சதுக்கத்தை ஒட்டியிருக்கிற சந்தையில் கோழிக்கடை வாசலில் கிடப்பான், செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். காய்கறி வாங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் வீடுவரை பின்னாலேயே வந்துவிட்டுத் திரும்பிவிடுவான், மழைக்காலத்தில் ஒரு நாள் திரும்பவில்லை, அவ்வளவுதான். கடைக்கார அம்மாவிடம் போய் இது உங்கள் நாயா என்று கேட்டேன். அவன் யாருடைய நாயும் இல்லை, எல்லோருடைய நாயும்தான், கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் நான் பார்க்கிற மாதிரி சந்தைக்கு அடிக்கடி அழைத்து வாருங்கள் என்று சொன்னார். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் கோழிக் கழுத்து ஒன்று தனியாக எடுத்து வைத்திருப்பார்.

அதற்கு முன்னால் இந்தத் தெருவில் நான் ஒரு அந்நியன். எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள், இந்த ஊரில் எதிரே வருகிற யாராக இருந்தாலும் காலை வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போக மாட்டார்கள், சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் முன்பின் தெரியாதவர்கூட நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். ஆனால் வணக்கம் வணக்கத்தோடு நின்றுவிடும். மணி வந்த பிறகுதான் அதற்கு மேலே பேச்சு நீண்டது. அவன் ஒவ்வொரு வாசலிலும் நிற்பான், நானும் நிற்க வேண்டும், நின்றால் பேச வேண்டும். எதிர்வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி, மூலை வீட்டுக்காரரின் மகன் சிகாகோவில் கூரை வேலை செய்கிறான், டோர்ட்டியா என்கிற சோள ரொட்டி விற்கிற கடையில் எந்த நேரத்துக்குப் போனால் சூடாகக் கிடைக்கும், எல்லாம் நாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்துகொண்டவைதான். குடியேற்ற அட்டையை ஒரு வருடத்துக்கு அப்புறம் புதுப்பிக்க வேண்டும், மொத்தம் நான்கு வருடம் தற்காலிகமாக இருந்துவிட்டால் நிரந்தரம் கேட்கலாம், அதெல்லாம் அரசாங்கக் கணக்கு. தெருவின் கணக்கில் எனக்கு அட்டை கொடுத்தது மணிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காலை நடையில் சத்தங்கள்தான் முதலில் வரும். கேஸ் வண்டி ஒரு பக்கம் கூவும், குப்பை வண்டிக்கு மணி அடிப்பார்கள், பழைய மெத்தை, குளிர்பெட்டி, சலவை இயந்திரம், பழைய இரும்பு வாங்குகிறோம் என்று ஒரு சின்னப் பெண்ணின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓட்டிக்கொண்டு ஒரு வண்டி வரும். அதே குரலை மெக்சிகோ நகரத்திலும் கேட்கலாம், இந்தக் கோடியிலும் கேட்கலாம். அந்தப் பதிவு ஆரம்பித்ததும் தெரு நாய்கள் அத்தனையும் ஒரே சுருதியில் ஊளையிடும். சதுக்கத்து ஓரத்தில் பெண்கள் கொருந்தா விற்பார்கள், சோளமாவை முக்கோணமாகப் பிடித்து சோளப்பயிரின் நீளத் தோகையில் சுற்றி அவித்தது, மேலே கட்டித் தயிர் மாதிரி ஒரு பாலாடையும் மிளகாய்ச் சாறும் ஊற்றித் தருவார்கள். எனக்கு அதுதான் காலைச் சாப்பாடு, நம் ஊர்க் கொழுக்கட்டை ஞாபகம் வந்துவிடும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

தெருவில் திரிகிற நாய்களில் நிறைய நாய்களுக்கு வீடு உண்டு. காலையில் கதவைத் திறந்து விடுவார்கள், ஊர் சுற்றிவிட்டு சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்துவிடும். நீ எழுதியிருந்த பயம், கடித்தால் என்ன ஆகுமோ என்கிற பயம், இங்கேயும் ஒரு காலத்தில் இருந்தது. 1990-இல் மெக்சிகோவில் நாய் வழி வந்த ரேபிஸில், அதாவது வெறிநாய்க்கடி நோயில், 60 பேர் இறந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில்தான் அரசாங்கம் ஊர் ஊராக நாய்களுக்கு இலவச ஊசி போட ஆரம்பித்தது. 1999-இல் இறப்பு 3 ஆகக் குறைந்தது. நாய் வழியாகக் கடைசியாக மனிதருக்கு வந்தது 2006-இல், அதற்கப்புறம் இல்லை. நாய் வழி ரேபிஸ் மரணத்தை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்திய முதல் நாடு மெக்சிகோதான், அது 2019 நவம்பரில். பணக்கார நாடு செய்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது மாப்ளே, நம் ஊர் மாதிரியே ஏழையும் பணக்காரரும் கலந்த, குண்டும் குழியுமான தெருக்கள் உள்ள, தெருவெல்லாம் நாய் திரிகிற நாடு செய்தது.

எப்படிச் செய்தார்கள் என்பதை இப்போதும் வருடாவருடம் நேரில் பார்க்கலாம். ஊசி வாரம் வரும்போது சதுக்கத்து ஓரத்தில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் ஒரு மடக்கு மேசை, ஐஸ் பெட்டி, சுகாதாரத் துறை ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். காசு கிடையாது. ஒரு மாதக் குட்டியிலிருந்து போடுகிறார்கள், பூனைக்கும் உண்டு. வரிசையைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும், கயிறு இல்லாதவர்கள் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நாய்க்குக் கட்டியிருப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் தெருவில் சும்மா திரிகிற நாயைக் கொஞ்சிக் கூட்டி வந்து நிறுத்துவார்கள், ஒரு பாட்டி காய்கறிக் கூடையில் பூனையை வைத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வருவார். ஊசி போட்டதும் ஒரு சான்றிதழ் எழுதிக் கையில் தருவார்கள். இதோடு இலவசக் கருத்தடை முகாமும் அவ்வப்போது நடக்கும். மணிக்கு அங்கேதான் செய்தேன், கழுத்தில் கூம்பு கட்டி அழைத்து வந்தபோது தெருவே நலம் விசாரித்தது.

நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி போட்டால் ரேபிஸ் நாயிலிருந்து நாய்க்குப் பரவுவது அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. உங்கள் தெருச் சண்டைக்கே இதில்தான் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஊசி போட்ட நாய்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், காலியான இடத்துக்கு ஊசி போடாத நாய்கள் வரும், அவ்வளவுதான் நடக்கும். உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் நூற்றுக்கு 36 பேர் இந்தியாவில்தான் சாகிறார்கள். அதில் பிள்ளைகள் நிறைய. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் தடுக்கவே முடியாத நோய் இல்லை இது. வியாதிக்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற முடியாது என்பதால்தான் முன்னாலேயே தடுக்கவேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் தெருக் கூட்டத்தில் யாராவது உன்னை மடக்குவார்கள். இங்கே பெரும்பாலான நாய்க்கு ஒரு வீடு இருப்பதால் மேசை போட்டால் நாய் தானாக வந்து சேர்கிறது. நம் ஊர் நாய்களைக் கயிறு கட்டி அழைத்து வர ஆள் கிடையாது, வலை போட்டுப் பிடித்து, ஊசி போட்டு, அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கடினம்தான், ஆனால் கோவாவில் 2014 முதல் அப்படித்தான் செய்தார்கள், 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று மாநில அரசே அறிவித்தது. அங்கே முடிந்தது நம் ஊரில் ஏன் முடியாது? உங்கள் தெருவில் சோறு வைக்கிறவர்கள் இருக்கிறார்களே, நாய்கள் கிட்டே வருவது அவர்களிடம் மட்டும்தான், அவர்களை எதிரியாக்காமல் ஊசி போடும் நாளில் முன்னால் நிற்கச் சொல். கடிபட்டவர்களுக்கு முதல் காரியம் காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுவது, அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. இதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவை.

இங்கே எல்லாம் நல்லபடி என்று நினைத்துவிடாதே. நாய்க்கு நடக்கிற கொடுமைக்கும் குறைவில்லை. ஊருக்கு வெளியே மொட்டைமாடி வீடுகளில் நாயை மாடியில் விட்டுவிடுவார்கள், வெயில், மழை, இரவில் உறைகிற குளிர் எல்லாவற்றிலும் அது அங்கேயேதான், கீழே இறங்கித் தரையை மிதிக்காமலே வயசாகிப் போகிற நாய்களைப் பார்த்திருக்கிறேன். போன குளிர்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெட்டை நாய் விஷம் வைத்த இறைச்சியைத் தின்று செத்துப்போனது, யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. மூலை வீட்டுக்காரரும் நானும் சேர்ந்துதான் குழி தோண்டினோம். அதிலிருந்து மணியைக் கயிறு இல்லாமல் வெளியே விடுவதில்லை. விலங்குகளை வதைப்பதைத் தடை செய்து 2024 டிசம்பரில் அரசியல் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள், அது நல்ல காரியம், ஆனால் அந்தச் சட்டம் மொட்டைமாடிவரை ஏறிவர இன்னும் காலமாகும்.

அப்புறம் வெடிச்சத்தம். நம் ஊரில் தீபாவளிக்கு நாய்கள் படுகிற பாடு உனக்குத் தெரியும், இங்கே ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு புனிதர், ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு திருவிழா, விடியற்காலையிலேயே வானத்தில் ராக்கெட் வெடி வெடிக்கும். டிசம்பர் 8 எங்கள் ஊர் மாதாவுக்குத் திருநாள், சோளத்தண்டுச் சக்கையைப் பிசைந்து செய்த பழைய சிலை அது, 12-ஆம் தேதி குவாதலூப்பே மாதா, அந்த வாரம் முழுக்க மணி கட்டிலுக்கு அடியில்தான். நானும் தரையில் பாய் விரித்து அவன் பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

நவம்பர் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிற இரவு, நவம்பர் 1 போய் 2 பிறக்கிற இரவு, ஏரிக்குள் இருக்கிற ஹனிட்சியோ தீவின் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் துலுக்கச் சாமந்தியும்தான். சமீப வருடங்களில் அக்டோபர் 27-ஐ இறந்துபோன நாய் பூனைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு சின்ன மேசையில் செத்துப்போன தன் நாயின் படம், ஒரு கிண்ணம் தண்ணீர், கொஞ்சம் நாய்த்தீனி, பூ எல்லாம் வைத்திருந்தார். விஷத்தில் செத்த அந்தப் பெட்டைக்கும் ஒரு பூ வைக்கலாமா என்று கேட்டேன், அவரே எழுந்து போய் ஒரு கொத்து எடுத்து வந்தார். மெக்சிகோவின் பழங்கால ஆஸ்டெக் மக்களிடம் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது, செத்தவர் ஒரு ஆற்றைக் கடக்க வேண்டும், கடத்திவிடுவது நாய்தான், வெள்ளை நாய் இப்போதுதான் குளித்தேன் என்று மறுத்துவிடும், கறுப்பு நாய் நான் அழுக்காக இருக்கிறேன் என்று நின்றுவிடும், செம்பழுப்பு நாய்தான் முதுகில் ஏற்றி அக்கரை சேர்க்கும். சஹாகூன் என்ற பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் கேட்டு எழுதிவைத்தது. இந்த ஏரிக்கரைக்காரர்கள் புரேபெச்சா மக்கள், தனி மொழி, தனி அரசு, ஆஸ்டெக்குகளுக்கு அடிபணியாதவர்கள், ஆனாலும் இந்தக் கதை இப்போது நாடு முழுக்க எல்லோருக்கும் தெரிகிறது. சொர்க்க வாசல்வரை தருமரோடு போன நாயின் கதையை நான் எதிர்வீட்டு அம்மாவுக்குச் சொன்னேன், நாயை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று அவர் நின்ற இடம் வந்ததும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மாங்காய், கொய்யா, சப்போட்டா, மிளகாய் எல்லாம் கிடைக்கிறது, கறிவேப்பிலையும் பெருங்காயமும்தான் கிடைப்பதில்லை, யாராவது இந்தப் பக்கம் வந்தால் பெருங்காயம் கொடுத்துவிடு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். அந்தக் கடிபட்ட பையன் இப்போது வெளியே விளையாடப் போகிறானா, இல்லை பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறானா? உங்கள் கூட்டம் எப்போது, நகராட்சி ஆள் யாராவது வருகிறாரா, ஊசிக்கும் வலைக்கும் பணம் குறைகிறது என்றால் எவ்வளவு என்று விவரமாக எழுது, என்னால் ஆனதை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்