வரப்பில் நிற்பவருக்கும் ஆட்டம் தமிழில் கேட்கட்டும்

வானொலியில் கிரிக்கெட் வர்ணனையைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்பது மா நஞ்சை வைத்துச் சாகுபடி செய்கிறவன். வெளிநாட்டு அணி ஒருநாள், டி20 தொடர் ஆட நம் நாட்டுக்கு வரும்போதெல்லாம் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை வானொலியில் தமிழ் வர்ணனை வேண்டும். கேட்பது இது ஒன்றுதான்.

2012 டிசம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தான் அணி இரண்டு டி20, மூன்று ஒருநாள் ஆட்டங்களுக்கு வந்திருந்தது. முதல் ஒருநாள் ஆட்டம் சேப்பாக்கத்தில். அந்த வருஷம் ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் செப்டம்பர் 17-ல்தான் திறந்தது. எங்கள் பக்கம் சம்பா காய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் வருவதைவிடப் போவதே அதிகம். டீக்கடை டிவியைத் துணி போட்டு மூடிவிட்டு, பேட்டரி ரேடியோ ஒன்றைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். இந்தியும் ஆங்கிலமும் மாறி மாறி வந்தது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னான்.

சேவாக், கம்பீர், கோலி, யுவராஜ் நாலு பேருமே போல்டு. அந்தச் சொல் மட்டும் எல்லோருக்கும் தெரியும். ரோகித்தும் போனபோது 29 ரன்னுக்கு ஐந்து விக்கெட். "அப்படி என்னதான்டா தம்பி போடுறான் அவன்?" என்று பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பையனுக்கு 'ஸ்விங்' என்ற வார்த்தை காதில் விழுந்தது. அதை அவருக்கு விளக்கத் தெரியவில்லை. இடது கைக்காரர் ஜுனைத் கானின் பந்து காற்றிலேயே வளைந்து உள்ளே வந்த கதையை மறுநாள் பேப்பரில்தான் பெரியப்பா படித்தார்.

இந்தி முறை வந்துவிட்டால் பையனும் எங்களோடு சேர்ந்து முழிப்பான். மைதானத்துச் சத்தத்தை வைத்து நாலா, ஆறா, விக்கெட்டா என்று ஊகித்துக்கொண்டிருந்தோம். அப்படித்தான் தோனியின் 113 ரன் எங்களிடம் வந்து சேர்ந்தது. அஷ்வினோடு அவர் பிரியாமல் சேர்த்த 125 ரன்னும் அப்படித்தான். சென்னைக்காரர் ஒருவர் சென்னையில் நின்று இந்தியாவை 227-க்குக் கொண்டுபோகிறார், அதைத் தமிழில் கேட்க எங்களுக்கு வழியில்லை. ஒருநாள் ஆட்டங்களில் புவனேஷ்வர் குமார் வீசிய முதல் பந்திலேயே பாகிஸ்தானின் ஹபீஸ் போல்டான போது பையன் கத்தினான். என்ன, ஏது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு பந்து போய்விட்டது. நாசிர் ஜம்ஷெத் சதம் அடித்து பாகிஸ்தான் ஜெயித்தது. தோற்றதில்கூட வருத்தமில்லை, பாதி ஆட்டம் கைக்கு எட்டாமல் போனதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பெரியப்பா வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். பொங்கல் டெஸ்ட் நாட்களில் கதிர் அரிவாளைக் கீழே வைக்காமலே ஆட்டம் கேட்டதாகச் சொல்வார். பந்து எங்கே குத்தியது, யார் ஓடிப்போய் எடுத்தது என்பதெல்லாம் வரப்பில் நின்றபடியே தெரியுமாம்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2007-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புப் பகிர்வுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் நேரடி ஒளிபரப்பை உரிமை பெற்றவர்கள், அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அந்தப் பட்டியலில் இந்திய ஆண்கள் அணியின் எல்லா ஒருநாள், டி20 ஆட்டங்களும் உண்டு. டெஸ்டில்தான் தேர்ந்தெடுத்தவை மட்டும். வானொலி வருமானத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

கையில்தான் செல்போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை நம் நாட்டில் ஆட்டங்கள் அதிகம் நடக்கும் காலமும் எங்கள் சம்பா, தாளடிக் காலமும் ஒன்று. நடவு, களை, அறுப்பு என்று பெண்கள் குனிந்த தலை நிமிராத நாட்கள். சேற்றுக் கையால் போனைத் தொட முடியாது. கண்ணை வேலையிலிருந்து எடுக்கவும் முடியாது. ரேடியோ வரப்பில் கிடந்து பேசினால் போதும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. ஐந்து நாள் கழித்து பிரிஸ்பேனில் இந்தியா ஆஸ்திரேலியாவோடு டி20 ஆடியது. எங்கள் ஊரில் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன, போனில் சார்ஜ் இல்லை. நிவாரணச் செய்திக்காக வைத்திருந்த ரேடியோவைப் பார்த்து என் மகள், "ஸ்கோர் சொல்வாங்களாப்பா?" என்று கேட்டாள். எல்லாம் போய்க் கிடந்த வீட்டில் அவள் கேட்ட முதல் சந்தோஷமான கேள்வி அது.

திருச்சி நிலையம் 1939-லிருந்து எங்களோடு பேசுகிறது, காரைக்காலும் பக்கத்தில் இருக்கிறது. இந்த இரண்டிலும் தாருங்கள். பழைய வீரர்களின் அரட்டை குறைவாக இருக்கட்டும். பந்து எங்கே விழுந்தது, யார் எங்கே நிற்கிறார், மேகம் கூடுகிறதா என்று சொல்லுங்கள். ஓவருக்கு ஒரு முறை ஸ்கோரை முழுதாகச் சொன்னால், மடையை அடைத்துவிட்டு வருகிறவரும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார்.

அன்று எங்களுக்கு மொழிபெயர்த்த பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. அடுத்த தொடருக்குப் புது பேட்டரி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி வட்டத்திலிருந்து
ஒரு வானொலி நேயர்