பெற்றோர் சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை 2025-26

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் (அவங்களுக்கு வாட்ஸப்ல அனுப்பிடறேன், ப்ளூ டிக் விழுதான்னு பாப்போம்) வணக்கம்.

கூட்டம் போட்டது ஏழு, கோரம் (முடிவெடுக்கத் தேவையான ஆள் கணக்கு) சேந்தது மூணு. ஆகஸ்ட் 15, அக்டோபர் 11 ரெண்டு கிராம சபையிலயும் நம்ம கோரிக்கை தீர்மானமா ஏறுச்சு. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குப் பசங்களுக்கு லட்டும் பேனாவும் குடுத்தோம். சாய்தளம் கட்டி முடிச்சாச்சு. ஆனா டேப் வச்சு அளந்தேன், படி உயரம் ஒன்றரை அடி, ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம்ங்கற கணக்குல பதினெட்டு அடி வரணும், கட்டினது ஏழடி. வீல்சேர்ல வர்ற புள்ளய இன்னும் அவங்கம்மா தூக்கிக்கிட்டுதான் ஏறுறாங்க. அதுக்கு வேற மனு போட்டிருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மாற்றுத்திறனாளிப் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கற சிறப்பு டீச்சர் முழுநேரமா வேணும்னு நாலு வருஷமா கேக்கறோம். இப்ப இருக்கவங்க செவ்வாக்கெழம ஒரு நாள் வர்றாங்க, அவங்களக் குறை சொல்லல, தொகுப்பூதியத்துல எத்தனையோ ஸ்கூலுக்கு பஸ் மாறி மாறி ஓடுறாங்க பாவம். 2021 அக்டோபர்லயே சுப்ரீம் கோர்ட் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்குல, எத்தன பசங்களுக்கு ஒரு சிறப்பு டீச்சர்னு கணக்க அறிவிக்கச் சொல்லிருச்சு. 2022ல மத்திய அரசும் அஞ்சாவது வரைக்கும் மாற்றுத்திறனாளிப் பசங்க பத்து பேருக்கு ஒருத்தர், அதுக்கு மேல பதினஞ்சு பேருக்கு ஒருத்தர்னு அறிவிச்சிருச்சு. ஆள் எடுக்கற வரைக்கும் இருக்கறவங்க ஸ்கூல் ஸ்கூலா சுத்தி வரலாம்னு அந்த 2021 தீர்ப்புல ஒரு இடத்துல இருக்கு, கல்வி ஆபீஸ்ல அந்த இடத்த மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க. 2025 மார்ச்ல கோர்ட் மறுபடியும் எல்லா மாநிலமும் பணியிடத்த அறிவிக்கணும்னு சொன்னதயும் எடுத்துட்டுப் போனேன், கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டினாங்க, எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) நம்ம ஸ்கூலுக்கு மாற்றுத்திறனாளிப் பசங்க ஆறே பேருதான், "ஆறு பேருக்கு எப்படி சார் கேக்கறீங்க"ன்னாங்க.

அப்பதான் எனக்கு உறைச்சது, கணக்குல இல்லாத புள்ளைக்கு டீச்சர் எங்கருந்து வரும்? ரெண்டு மாசம் சாயங்காலம் கடைய தம்பிகிட்ட விட்டுட்டு வீடு வீடாப் போய் விசாரிச்சு எக்ஸெல்ல ஏத்தினேன். பதினஞ்சு பேர் இருக்காங்க, அஞ்சாவது வரைக்கும் மட்டும் பதினொண்ணு. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இல்லாததால மிச்சப் பேரு எமிஸ்ல ஏறல. சில வீட்ல "எம்புள்ளயப் பைத்தியம்னு எழுத வந்தியா"ன்னு கேட்டாங்க, வாங்கிக்கிட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாடும் சேத்து 21 வகை இருக்குன்னு வாசல்ல நின்னுக்கிட்டே எத்தன தடவ சொல்லிருப்பேன்.

சர்டிபிகேட் வாங்கறதுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு ஒம்பது புள்ளைங்க வர்றதா பேரு குடுத்தாங்க, அத நம்பி வேன் பேசினேன், வாடகை 2200. காலையில ஏழு மணிக்கு ஸ்கூல் வாசல்ல நின்னது மூணு புள்ளைங்க. மிச்ச பேருல ரெண்டு வீட்ல போனே எடுக்கல, ஒருத்தர் அன்னிக்கே எதிர்ல டீக்கடையில உக்காந்திருந்தாரு, பேரு சொல்லல, அவருக்கே தெரியும். அந்த மூணுல மூணாவது படிக்கிற பையன் ஒருத்தன், ரெண்டு வருஷமா "கவனம் இல்லை"ன்னு எழுதிட்டே வந்தாங்க, பாத்தா காதே சரியாக் கேக்கல. காது மெஷின் மாட்டின அன்னிக்கு வகுப்புல ஃபேன் சத்தம் போடுது ஆஃப் பண்ணுங்கன்னு சொல்லிருக்கான். இதுக்காகவே அந்த 2200 போனா போகுதுன்னு இருக்கு.

இப்ப எமிஸ்ல ஒம்பது. இன்னும் ஆறு பேரு பாக்கி.

கணக்கு: வரவு ஒம்பதாயிரத்துச் சில்லறை, செலவு அதுக்குக் கொஞ்சம் மேல, மேல போனது என் கை. மாசம் அம்பது ரூபா சந்தா, 32 உறுப்பினர்ல முழுசாக் கட்டினது பதினொண்ணு. போன கூட்டத்துல "செயலாளர் கடையிலயே ஜெராக்ஸ் எடுத்து சங்கத்துக்கு பில் போடறாரு"ன்னு ஒரு பேச்சு வந்துச்சு. ஆமா, என் கடையிலதான் எடுத்தேன், பக்கம் ஒரு ரூபா, வெளியில ரெண்டு ரூபா. கலெக்டர் ஆபீஸ் திங்கக்கெழம மனுவுக்கு எடுத்த நாப்பது பக்கத்துக்கு பில்லே போடல, அதயும் கேட்டிருக்கலாம்.

தலைமை ஆசிரியர், வகுப்பு ஆசிரியர்கள், சாய்தளத்துக்கு மணல் குடுத்தவர், கூட்டத்துக்கு டீ போட்டு அனுப்பின அம்மா எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் மிச்ச ஆறு பேரு, சாய்தளம், பரீட்சையில கூடுதல் நேரம் இதெல்லாம் இருக்கு. நானே இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, என் பொண்ணு எட்டாவது முடிச்சுட்டுப் போகப்போறா, வேற யாராவது எடுத்துக்கிட்டா சந்தோஷமா நோட்டக் குடுத்துடறேன். நோட்டு கடையிலதான் இருக்கு, ராத்திரி ஒம்பது வரைக்கும் திறந்திருக்கும், சந்தா பாக்கியும் அங்கயே கட்டலாம், ஜிபே உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்